பேயும் பழியும்: மதுரை மரபு பற்றியதோர் ஆராய்ச்சி

ஆலவாய்ப் பெருமான் நிகழ்த்திய திருவிளையாடல்கள் அறுபத்துநான்கு என்ப. பரஞ்சோதி முனிவர் அமைத்த வரிசையில் அவற்றுள் முதலாவது இந்திரன் பழிதீர்த்த படலம். இரண்டாவது வெள்ளையானைச் சாபந்தீர்த்த படலம். திருநகரங்கண்ட படலம் மூன்றாவதாகவே வருகின்றது. ஊர் தோன்றுதற்கு முன்னரே ஒரு பழியும் ஒரு சாபமும் அக்கடம்பவனத்தை நாடிவந்து நீங்கிப்போயின என்பது இவ்வைப்பு முறையாற் பெறப்படும். பெரும்பற்றப்புலியூர் நம்பி இயற்றிய பழைய திருவிளையாடலில் வைப்பு முறை வேறாயினும், பழியும் சாபமும் தீர்த்த செய்திகள் ஆண்டும் உள. தலபுராணம் ஒன்று தன் ஊரின் வளத்தையோ அரசர் கொற்றத்தையோ முன்வைத்துத் தொடங்காது, கொலைப்பழி தொடர அஞ்சி ஓடிய ஒருவனை முன்வைத்துத் தொடங்குவது எளிதிற் கடந்துசெல்லத்தக்க செய்தியன்று.

பேய், பூதம், பிரமகத்தி, சாபம் என்னும் இவை பற்றிய கதைகள் எந்நாட்டிலும் உள்ளன. இருளுக்கும் தனிமைக்கும் இறந்தோர்க்கும் மக்கள் அஞ்சும் அச்சமே இவற்றிற்கெல்லாம் காரணம் என்று கூறி அமைவார் பலர். பொதுவகையில் அது பொருந்துமாயினும், மதுரையும் அதனைச் சூழ்ந்த நாடும் வழங்கிவந்த கதைகளை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு மற்றொன்று புலனாகும். ஈண்டு மக்கள் அஞ்சியது பேயை அன்று, பழியை. பேயும் பூதமும் அப்பழிக்கு வடிவமாகவோ, அதனைத் தண்டிக்கும் காவலாகவோ, அதற்குச் சான்றாகவோ வருகின்றனவேயன்றித் தாமாக வருவன மிகச் சில. அவ்வாறாதலைக் காலமுறையில் ஆராய்தல் தகும்.

சங்கநூல்களுள் மதுரை நகரின் இரவை விரித்துக் கூறுவது மாங்குடி மருதனார் இயற்றிய மதுரைக்காஞ்சி. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்த எழுந்த அந்நூல், நள்ளிரவில் அணங்கும் பேயும் உருவங்கொண்டு கழுதொடு தெருவில் உலவும் என்று கூறுகின்றது. அவ்விடத்திலேயே கன்னமிடும் கள்வரையும், அவரைப் பிடிக்கும் ஊர்க்காவலரையும் உடன் வைத்துப் பேசுகின்றது. காவலர் பேய்க்கு அஞ்சித் தம் தொழிலை விட்டாரல்லர். மழை பெய்யும் இரவிலும் சோர்வின்றித் திரிந்தனர். பேய் உலவும் தெருவில் அரசன் காவலும் உலவிற்று என்பதே புலவர் காட்டும் காட்சி. அக்காவல் பிழைத்தவழி நேர்வது யாது என்பதைப் பின்னர் எழுந்த சிலப்பதிகாரம் காட்டும்.

சிலப்பதிகாரத்தைப் பேய்க்கதை என்று கூறுவார் யாருமிலர். ஆயினும் பூதமும் சாபமும் அக்காப்பியத்தின் அமைப்பில் வகிக்கும் இடம் பெரிது. புகார் நகரத்துச் சதுக்கத்தில் நின்ற பூதம் பொய்த்தவ வேடத்தாரையும், பிறர் மனை நயப்போரையும், பொய்க்கரி கூறுவோரையும் தன் பாசத்தாற் கட்டி உண்ணும் இயல்பினது. கற்புடையாள் ஒருத்தி மேற் பொய்க்கரி கூறியவன் ஒருவன் அப்பூதத்தின் கையில் அகப்பட்டபொழுது, அவன் தாய் அழக்கண்டு இரங்கிய கோவலன் தன்னுயிரைக் கொண்டு அவனுயிரை விடுமாறு வேண்டினான். கயவன் ஒருவன் உயிர்க்கு நல்லோன் உயிரைக் கொள்ளுதல் தன் முறையன்று என மறுத்துப் பூதம் அவனை உண்டது. கோவலன் அத்தாயையும் சுற்றத்தையும் பல்லாண்டு காத்தான். மாடல மறையோன் இச்செய்தியை எடுத்துக் கூறுவது மதுரையின் புறஞ்சேரியில்; கோவலன் கொலையுண்ணுதற்குச் சிறிது முன்னர். பொய்க்கரியைப் பூதம் ஒறுக்கும் ஊரை விட்டு வந்தவன், பொற்கொல்லனது பொய்ம்மொழி அரசவையில் ஏறும் ஊரிற் புகுகின்றான். அடிகள் அதனை அவ்விடத்து வைத்தமையின் கருத்து இதனால் விளங்கும்.

மதுரையிலும் பூதங்கள் இருந்தன. கண்ணகியின் ஏவலால் நகரில் எரி மூண்டபொழுது நால்வகை வருணத்துப் பூதங்களும் நகரைவிட்டு நீங்கின என்று அழற்படு காதை கூறும். அவை தீயை எதிர்த்தில, அழுதில. கோமுறை பிழைத்த நாளில் இந்நகரைத் தீ உண்ணும் என்பதனை முன்னரே அறிந்திருந்தனவாகலின் போயின. காவற்பூதம் காப்பது முறையை. முறை நீங்கியபின் காத்தற்குரியது யாதும் இன்று.

கண்ணகி இட்ட சாபம் ஒன்றே பலரும் அறிந்தது. அதனினும் பழைய சாபம் ஒன்றினை மதுராபதித் தெய்வம் அவட்குக் கூறுகின்றது. கலிங்க நாட்டில் சிங்கபுரத்து அரசனும் கபிலபுரத்து அரசனும் பகைத்திருந்த காலத்துச் சங்கமன் என்னும் வணிகன் பண்டம் விற்கச் சிங்கபுரம் புகுந்தான். அவ்வூர் அரசன் கீழ்த் தொழில் புரிந்த பரதன் என்பவன் அவனை ஒற்றன் என்று காட்டிக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் தெருவெல்லாம் அரற்றித் திரிந்து, மலையேறி வீழ்ந்து உயிர் துறக்குங்கால், எமக்கு இத்துன்பம் செய்தார் இதனையே எய்துக எனச் சாபமிட்டாள். அப்பரதனே கோவலனாகப் பிறந்தான். ஈரிடத்தும் நிகழ்ந்தது ஒன்றே. அயலூரிலிருந்து வாணிகத்தின் பொருட்டு வந்தவன் மேற் பொய்க்குற்றம் சாற்றப்பட்டது, அரசன் ஆராயாது கொன்றான், மனைவி சபித்தாள். ஆராயாத் தீர்ப்பு சாபத்தை ஈனும். அச்சாபம் மற்றுமோர் ஆராயாத் தீர்ப்பிற் சென்று முடியும். ஆண்டும் நீலியின் துயர்க்கு நாளெல்லை உண்டென்பதும், கண்ணகியும் பதினான்காம் நாளில் தன் கணவனை வானுருவிற் கண்டாள் என்பதும் குறிக்கத்தக்கன.

ஆடித் திங்கள் தேய்பிறை அட்டமி வெள்ளிக்கிழமையில் மதுரை எரியுண்ணும் என்றோர் உரை முன்னரே இருந்ததாக அக்காதையில் வருகின்றது. இக்குறிப்பைக் கொண்டு சுவாமிக்கண்ணுப் பிள்ளை 756-ஆம் ஆண்டு எனக் கணித்தார். அதனை ஏலாதார் பலர். கதைக்குள் வரும் நாட்குறிப்பைக் கொண்டு நூலின் காலத்தை அளத்தல் எத்துணைப் பொருந்தும் என்பது வேறோர் ஆராய்ச்சி, அது நிற்க.

அரசன் தானே கள்வன் என்று தன்னைத் தீர்ப்பிட்டு வீழ்ந்தான். அதனோடு பழி ஒழிந்ததா எனின், ஒழிந்திலது. பாண்டி நாட்டில் மழை பொய்த்து வறுமையும் நோயும் மிகவே, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டுச் சாந்தி செய்தான் என்று உரைபெறு கட்டுரை கூறும். இதனைப் படிப்பார் நெஞ்சு நடுங்கும். ஒரு பொற்கொல்லன் செய்த தீமைக்கு ஆயிரவரைக் கொல்லுதல் பழியைத் தீர்க்குமோ பெருக்குமோ என்பதனை அக்கட்டுரை ஆராய்ந்திலது. ஆராயாது கொன்ற குற்றத்தை ஆராயாது கொன்றே தீர்க்கப் புகுந்தமை, பழி தீர்க்கும் வழியை அக்காலத்தார் இன்னும் தெளிந்திலர் என்பதையே காட்டுகின்றது. சேரன் செங்குட்டுவன் இமயத்திற் கல்லெடுத்துக் கோயில் சமைத்ததும், ஈழத்தில் கயவாகு வேந்தன் காலந்தொட்டு வழங்குவதாகக் கூறப்படும் பத்தினி வழிபாடும் நன்னெறியில் அமைந்த சாந்திகளாம்.

கடல் கடந்த நாடொன்றில் நிகழ்ந்ததும் இதனோடு ஒத்துவைத்து எண்ணத்தக்கது. சப்பான் நாட்டில் சுகவாரா நோ மிச்சிசானே என்னும் கல்விசான்ற அமைச்சர், பகைவர் கூறிய குற்றத்தால் 901-ஆம் ஆண்டு தலைநகரினின்றும் நீக்கப்பட்டு, 903-ஆம் ஆண்டு அயலிடத்தில் மாய்ந்தார். அதன்பின் அரச குடியிற் சாவுகள் நேர்ந்தன. 930-ஆம் ஆண்டு அரண்மனையில் இடி வீழ்ந்தது. அவையெல்லாம் அவர் ஆவியின் சினம் என்று அஞ்சி, அவர் பட்டத்தை மீட்டளித்து, 947-ஆம் ஆண்டு கித்தானோ என்னுமிடத்துக் கோயிலும் எடுத்தனர். அவர் பின்னர்க் கல்விக்குரிய தெய்வமாக வழிபடப்பெற்றார். சினந்த ஆவியை ஓட்டுதலை விடுத்து, அதற்குச் செய்த அநீதியை ஒப்புக்கொண்டு வணங்கிய செயல் தமிழ்நாட்டார்க்குப் புதியதன்று. இதற்கு மாறாக, ஐரோப்பாவின் கீழ்ப்பகுதியில் வாம்பயர் எனப்பட்ட, குழியினின்றும் எழுந்து குருதி பருகும் பிணம் பற்றிய அச்சத்தில் பழி என்னும் கருத்து மிகுதியும் இல்லை, பிணமே பகை. அதனால் அங்குப் பிணங்களைத் தோண்டி எடுத்துச் சிதைத்தனர். 1755-ஆம் ஆண்டு ஆத்திரிய அரசி மரியா தெரேசா தம் மருத்துவர் வான் சுவீட்டன் என்பாரைக்கொண்டு ஆராய்ந்து, அச்செயலைச் சட்டத்தால் தடுத்தார். பிணத்துக்கு அஞ்சிய அச்சத்தை மருத்துவ ஆராய்ச்சி தீர்த்தல் கூடும். பழிக்கு அஞ்சும் அச்சத்தை அது தீர்க்குமாறில்லை.

இனிப் புராணங்களுக்கு வருவோம். மதுரைச் சமவெளியில் நிற்பார் கண்ணுக்கு மூன்று மலைகள் விலங்குருவாகத் தோன்றும்: யானைமலை, நாகமலை, பசுமலை. பாண்டியனை அழிக்கச் சமணர் வேள்வியில் தோற்றுவித்து ஏவிய யானையும் நாகமும் பசுவும் பெருமான் அருளால் வீழ்ந்து மலையாயின என்று திருவிளையாடல் கூறும். இம்மூன்றும் பழி பற்றிய கதைகள் அல்ல. சமயப் போர் பற்றியவை. யானைமலையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டோடு கூடிய சமணர் படுக்கைகள் உள்ளன. மலைப்பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஞானசம்பந்தப் பெருமான் தம் திருவாலவாய்ப் பதிகம் ஒன்றில் ஆனைமாமலையைச் சமணர் உறைவிடமாகக் குறித்தருளுகின்றார். பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் அமைச்சன் மாறன்காரி 770-ஆம் ஆண்டு அம்மலையில் நரசிங்கப் பெருமானுக்குக் குடைவரை எடுத்தான். யானையை வீழ்த்திய கணை நாரசிங்கக் கணை என்று புராணம் கூறுவது அக்கோயிலை நோக்கியெழுந்த கூற்றாதல் ஒருதலை. கண்முன் நிற்கும் மலை, அதிலிருந்த சமயத்தார், பின்னர் எழுந்த கோயில் மூன்றையும் ஒருங்கிணைத்துப் பழையோர் கூறிய வரலாறு இஃது. இதனைக்கொண்டு இக்காலத்துச் சமணரை இகழ்வார் புராணத்தின் பயனை அறியாதவரே. நாகமலைத் தொடரை ஒட்டிய கீழக்குயிற்குடியில் அவர்கள் பள்ளிகள் இருந்த மலை இன்றும் சமணமலை என்றே வழங்குகின்றது.

குண்டோதரன் வரலாறும் பழியோடு தொடர்புடையதன்று. திருமணத்தில் மிஞ்சிய அன்ன மலைகளை உண்டும் பசி ஆறாத பூதத்தின் பொருட்டு அன்னக்குழியும் வையையும் தோன்றியமையை அது கூறும். குழந்தைகளும் நகைத்துக் கேட்கும் அக்கதையில் பூதம் அச்சம் விளைப்பதின்று. இறைவன் ஏவலில் நிற்கும் கணத்துள் ஒன்றாகவே வருகின்றது. திருப்பரங்குன்றத்து நக்கீரரைப் பற்றிய பூதமோ வேறு வகையது. சிவபூசையில் வழுவியவரைப் பிடித்துக் குகையில் அடைத்து, ஆயிரவர் நிறைந்தபின் உண்ணக் காத்திருந்தது அது. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதின்மர் முன்னரே அகப்பட்டிருந்தனர். குளக்கரையில் வீழ்ந்த இலையின் ஒரு பாதி மீனாகவும் ஒரு பாதி பறவையாகவும் மாறி ஒன்றையொன்று இழுத்த வியப்பில் நக்கீரர் நினைவு பூசையினின்றும் நழுவிற்று, ஆயிரம் நிறைந்தது. திருமுருகாற்றுப்படை பாடி முருகன் அருளாற் சிறை நீங்கியபொழுது அவர் மாத்திரம் நீங்கினாரல்லர், ஆயிரவரும் நீங்கினர். பிறர் பிழையால் அடைபட்டோரும் ஒருவர் பாட்டால் விடுபட்டனர் என்பதே அவ்வரலாற்றின் சுவை.

பழியை நேரே பொருளாகக் கொண்டவற்றுள் தலையாயது இருபத்தைந்தாவதாகிய பழியஞ்சின படலம். திருப்பத்தூரிலிருந்து மனைவியோடும் குழவியோடும் மதுரைக்கு வந்த அந்தணன் ஒருவன், மனைவியை ஆலமர நிழலில் இருத்தி நீர் கொணரச் சென்றான். அம்மரத்தில் முன்னெப்பொழுதோ எய்யப்பட்டுத் தங்கியிருந்த அம்பு காற்றால் அசைந்து அவள் மேல் வீழ, அவள் இறந்தாள். வேடன் ஒருவன் வில்லோடு அம்மரத்தின் மற்றொரு புறத்து நிழலில் இளைப்பாறி நின்றான். மீண்டுவந்த அந்தணன் பிணத்தையும் வேடனையும் கொண்டு குலோத்துங்க பாண்டியன் வாயிலில் முறையிட்டான். வில்லும் அம்பும் கையிலிருந்தன. இறந்தவள் உடலில் அம்பு இருந்தது. வேறு சான்று வேண்டுமோ? மதுரையில் முன்னொருவன் சிலம்பு ஒன்றைக் கண்ட அளவில் அமைந்தான். குலோத்துங்கன் அமைந்திலன். ஒறுத்துக் கேட்டும் வேடன் தான் செய்ததன்று என்ற ஒரு சொல்லையே கூறினான். அவன் முகத்திற் கொலைக்குறி இல்லை என்று அரசன் ஐயுற்றான். ஐயுற்றவன் தீர்ப்பை நிறுத்தித் திருக்கோயில் சென்று முறையிட்டான்.

நகர்ப்புறத்து வணிகர் தெருவில் ஒரு மணவீட்டிற்கு அந்தணனோடு மறைந்து செல்க என்று பெருமான் அருளினார். ஆண்டு இருவர் செவிக்கும் யமதூதர் இருவர் பேச்சுக் கேட்டது. இன்று மணமகன் உயிரைக் கொள்ளல் வேண்டும். நோயில்லை, காரணம் யாது செய்வோம் என்றான் ஒருவன். ஆலமரத்தில் தங்கியிருந்த அம்பைக் காற்றால் வீழ்த்தி அப்பார்ப்பனி உயிரைக் கொண்டது போல, மணமுழவின் ஒலியால் வெருண்ட பசுவைக்கொண்டு முடிப்போம் என்றான் மற்றவன். அவ்வாறே பசு கயிறறுத்து ஓடிவந்து மணமகனைக் குத்திற்று. மணப்பறை பிணப்பறையாயிற்று. அந்தணன் தன் மனைவி இறந்தமை விதியால் என்று தெளிந்தான். அரசன் வேடனிடம் தன் பிழையைப் பொறுக்குமாறு வேண்டி விடுத்தான். கண்காணா யமதூதர் ஈண்டு அரசவைக்குரிய சான்றாயினர். கொலைக்களத்தில் நிற்கும் எளியவன் ஒருவன் பொருட்டு அவர் பேச்சை அரசன் கேட்குமாறு இறைவன் செய்வித்தான் என்பதனினும் மேலாய முறைமை எந்நாட்டுப் பேய்க்கதையிலும் காண்டலரிது. நெடுஞ்செழியன் செய்யாது விட்டதனைக் குலோத்துங்கன் செய்தான். இரு கதைகளையும் ஒரே நகரம் நெடுங்காலம் நினைவில் வைத்திருந்தது.

அறியாது செய்த கொலையும் பழியே என்பதற்கு வரகுண பாண்டியன் வரலாறு சான்று. வேட்டையாடி இரவில் மீளும் வழியில் உறங்கிக்கிடந்த அந்தணன் ஒருவனை அவன் குதிரையின் குளம்பு மிதிக்க, அவன் இறந்தான். அரசன் அறிந்திலன். ஆயினும் பிரமகத்தி அவனைப் பற்றி நிழல்போலத் தொடர்ந்தது. தானங்களும் விரதங்களும் அதனை அகற்றவில்லை. சோழனைத் துரத்திச் செல்லும் வழியில் திருவிடைமருதூர் புகுவாய், ஆண்டு இது தீரும் எனச் சொக்கலிங்கப் பெருமான் அருள, அவ்வாறே கீழைவாயிலிற் புகுந்தபொழுது பிரமகத்தி உள்ளே புக அஞ்சிப் புறத்தே நின்றுவிட்டது. அவன் மேலைவாயில் வழியே வெளியேறினான். அத்தலத்தின் கீழைவாயிலில் பிரமகத்தியின் உருவம் உண்டு. சென்றவழியே மீளாது வேறு வாயிலால் வெளிப்படுதல் ஆண்டு வழிபடுவார் வழக்கம். அது கொல்லப்படவில்லை, எரிக்கப்படவில்லை; நின்ற இடத்தில் நின்றது. அதனைக் கடந்து உள்ளே சென்றவனுக்கு அது இல்லை.

இவ்வரகுணன் கற்பனை அரசன் அல்லன். மணிவாசகப் பெருமான் திருக்கோவையாரில் வரகுணனைக் குறித்தருளுகின்றார். பட்டினத்தடிகள் திருவிடைமருதூர் மும்மணிக்கோவையில் அவனது அன்பின் பெருமையை எடுத்தோதுகின்றார். பாண்டியர் வரிசையில் வரகுணர் இருவர் உளர். இரண்டாம் வரகுணனது எட்டாம் ஆட்சியாண்டு சகம் 792, அஃதாவது 870-ஆம் ஆண்டு என்பதனை ஐவர்மலைக் கல்வெட்டால் அறியலாம். எனவே அவன் 862-இல் அரசேறினான் என்ப. நூல்கள் குறிப்பவன் எவ்வரகுணன் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அறியாது நேர்ந்த ஒரு கொலைக்காக வாணாளெல்லாம் நிம்மதியிழந்தான் என்று ஒரு பேரரசனைப் பற்றிக் குடிமக்கள் கதை சொன்னார்களாயின், அரசரிடம் அவர்கள் எதனை எதிர்பார்த்தனர் என்பது வெளிப்படை.

பேயே வழக்காடிய கதை தொண்டைநாட்டில் உண்டு. மதுரைக் கதைகளோடு அதனையும் ஒருசேர வைத்தல் தகும். பழையனூர் நீலி முற்பிறப்பிற் கணவனாற் கொலையுண்டவள். மறுபிறப்பில் வணிகனாய் வந்த அவனைத் தொடர்ந்து, மனைவியுருக்கொண்டு ஊரவையில் வழக்குரைத்தாள். அவன் பேய் பேய் என்று கதறினான். அவையத்தாராகிய வேளாளர் எழுபதின்மர் அவளை நம்பி, அவனுயிர்க்குத் தம்முயிரைப் பிணையாக்கினர். அவன் மாய்ந்தான். அவர் தம் சொற்பிழையாது தீப்பாய்ந்தனர். திருஞானசம்பந்தப் பெருமான் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இச்செய்தியைச் சுட்டுகின்றார். பேயின் கூற்றிலும் ஓருண்மை இருந்தது, அவன் கொன்றவனே. அவையத்தாரோ கண்டதைக்கொண்டு தீர்ப்பிட்டனர். பிழைத்த தீர்ப்பிற்குத் தீர்ப்பிட்டவரே உயிர் கொடுத்தனர் என்பதனாற் பழையனூரார் பழியினின்றும் நீங்கிப் புகழெய்தினர். அத்திருவாலங்காடு காரைக்காலம்மையார் பேயுருவோடு பெருமான் திருவடிக்கீழ் இருந்து பாடிய தலமாதலையும் நினைக்க.

இனிச் சித்தாந்த நோக்கிற் சில கூறல் வேண்டும். பேய் என்பது இறைவனுக்கு மாறான தனிப்பொருள் என்று கொள்ளும் சமயங்கள் உலகில் உள. சைவத்தில் அதற்கு இடமில்லை. திருவாதவூரடிகள் சிவபுராணத்தில் தாம் எடுத்து இளைத்த பிறப்புக்களை எண்ணுமிடத்துப் புல் முதல் தேவர் ஈறாக வரும் நிரலில் பேயையும் கணத்தையும் உடன் எண்ணியருளினார். எனவே பேயும் மலங்கட்டுண்ட ஓருயிரே. வினைவழி எடுத்த ஓருடம்பே. அதற்கும் வீடு உண்டு. சாபமும் அவ்வாறே. வினை சடமாகலின் தானே சென்று ஓருயிரைப் பற்றமாட்டாது. அதனைக் கூட்டுவான் இறைவன் என்பது சிவஞானசித்தியார் முதலிய நூல்களின் துணிபு. வினைக்கே தனிச்செயல் இல்லையாயின், ஒருவன் வாயிற் பிறந்த சொல்லுக்குத் தனிச்செயல் உண்டென்று அஞ்சுதல் யாங்ஙனம்? சபிக்கப்பட்டவன்பால் அதற்குரிய வினை இருந்தவழியே சாபம் பயன்படும். அவ்வினை கழிந்தவழி அது கழியும். ஆகலினன்றோ புராணங்களில் முடிவில்லாச் சாபம் ஒன்றும் காணப்படாமை! பன்னிரு பன்றிக்குட்டிகளாக உழன்ற சுகலன் மக்களும், நூறாண்டு காட்டானையாய்த் திரிந்த ஐராவதமும் தத்தம் எல்லையில் மீண்டனர். மதுரைக்குக் கிழக்கே ஐராவதநல்லூர் என்னும் ஊர்ப்பெயர் அவ்யானையின் நினைவாக வழங்குகின்றது.

இதனினும் நுண்ணிது உமாபதி சிவனார் கூறுவது. சங்கற்ப நிராகரணத்தில் சகம் 1235 எனக் காலம் குறித்த அவ்வாசிரியர், தம் திருவருட்பயனில் இன்புறு நிலையை விளக்கப் பேய்பிடித்தலையே உவமையாக எடுத்தார். பேயாற் பற்றப்பட்டவனிடத்து அவன் செயல் ஒழிந்து பேயின் செயலே நிகழ்வதுபோல, அருளாற் பற்றப்பட்ட உயிரிடத்துத் தன் செயல் அற்றுச் சிவன் செயலே நிகழும். அந்நிலை வருங்காறும் நீ ஒன்றும் செய்யாது நில் என்பது கருத்து. ஊரார் வெருவி ஓடும் நிலையைச் சீவன்முத்தர் நிலைக்கு உவமையாக்கிய துணிவு வியக்கத்தக்கது.

ஆயினும் ஊர்ப்புறத்து மக்கள் வழிபாட்டைக் கற்றார் சிலர் இழிவென்று தள்ளுவது உண்டு. தள்ளுமுன் அவ்வழிபாடுகளில் நிற்பது எது என்று காண்டல் நன்று. அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பன் வாயிற்கதவுகளே வழிபடப்பெறுகின்றன. மலையாளத்திலிருந்து அழகர் திருவருளைக் கவர வந்த மந்திரக்காரர் பதினெண்மர் அப்படிகளின் கீழ் அடக்கப்பட்டனர் என்பது கதை. வழக்குடைய இருதிறத்தாரும் அவ்வாயிலிற் சத்தியம் செய்து தம் வழக்கைத் தீர்த்துக்கொள்வது பாண்டிநாட்டில் நெடுநாள் வழக்கம். எழுத்தும் சான்றும் இல்லாத எளியவன், பொய்யுரைப்பவன் அக்கதவின்முன் நா எழாது நிற்பான் என்று நம்பியே அங்குச் செல்கின்றான். புகார்ச் சதுக்கத்துப் பூதம் நின்ற நிலையில் ஈண்டுக் கருப்பன் நிற்கின்றான் என்னலாம்.

அவ்வழகர் சித்திரைத் திங்களில் மதுரைக்கு எழுந்தருளுவதும் ஒரு சாபந்தீர்த்தற்கே. துருவாச முனிவர் சாபத்தால் தவளையாகி வையையிற் கிடந்த சுதபசு என்னும் மண்டூக முனிவர்க்கு அப்பெருமான் விடுதலை தருதல் தேனூர் மண்டபத்தில் நிகழ்கின்றது. முற்காலத்துத் தேனூரில் நிகழ்ந்த அவ்விழாவைத் திருமலை நாயக்கர் (1623–1659) மதுரைக்கு மாற்றினர் என்ப. ஐராவதத்தைச் சபித்தவரும் இத்துருவாசரே. அவர் சினம் மதுரைக்கு இருவகையில் திருவிழாவாயிற்று.

இறுதியாக மதுரை மேலமடையில் உள்ள பாண்டிமுனி. பேய்பிடித்தார் எனப்படுவோரைக் கொணர்ந்து நிறுத்தும் கோயில் அது. ஆண்டுள்ள உருவம் கால் மடித்து யோகநிலையில் அமர்ந்தது. அது புத்தர் உருவமோ சமணர் உருவமோ என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். வழிபடும் மக்கள் கூறுவது அதுவன்று. பிழைத் தீர்ப்பிட்டுக் கோவலனைக் கொன்ற நெடுஞ்செழியனே மறுபிறப்பெடுத்து, அப்பழி தீரும் பொருட்டுச் சிவபெருமானை நோக்கித் தவமிருக்கின்றான் என்பர். ஆதலின் முனிக்குப் பொங்கல் படைப்பர். ஆடு முதலிய பலி அவன் எதிரில் இல்லை, உடனுறையும் சமயக்கருப்பனுக்கே. கற்சிலை யாருடையதாயினும் ஆகுக. எரித்தவளுக்குக் கோயிலெடுத்த நாடு, எரியுண்ட ஊரின் அரசனையும் விட்டிலது. அவன் அரியணையினின்று வீழ்ந்து மாண்டமையோடு அவன் கணக்கு முடிந்தது என்று மதுரைப் புறத்து உழவரும் ஆயரும் கொள்ளவில்லை, தவத்தில் அமர்த்தினர். தம் மக்களைப் பற்றிய பேயை நீக்குமாறு அவர்கள் வேண்டி நிற்பது, தன் பழி இன்னும் நீங்காது அமர்ந்திருக்கும் அவ்வரசனையே.